தீபாவளி தாண்டட்டும்

நான் வேலை பார்த்த அங்கன்வாடி மையத்துக்கு இப்போது வந்திருக்கும் கௌசல்யா கெட்டிக்காரி. நான் ஓய்வு பெற்ற பிறகும், சேர்க்கை மாதம் வந்துவிட்டால் விடாமல் போன் செய்வாள். போன ஜூனில் ஒரு நாள் அவளுக்கு ஒரே உற்சாகம்.

"டீச்சர், உங்க காலம் மாதிரி இல்ல இப்ப. பிள்ள பீகாருக்கே போனாலும் போன்ல ரெண்டு தட்டு தட்டினா பேரு அந்த ஊரு அங்கன்வாடிக்குப் போயிடுது. திரும்பி வந்தா நம்மகிட்டயே வந்துடுது. நீங்கல்லாம் எப்பிடித்தான் சமாளிச்சீங்களோ! ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க, மாசக் கூட்டத்துல படிக்கிறோம்."

எப்படிச் சமாளித்தோம் என்றுதானே கேட்கிறாள், சொல்கிறேன். கூட்டத்தில் படிப்பதும் படிக்காததும் அவர்கள் இஷ்டம்.

மைக்கில் சொல்லும்படியான கதைகள் எனக்கும் உண்டு. மழையில் முட்டை அட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடியது, தடுப்பூசிக்குப் பயந்து பரண்மேல் ஏறி உட்கார்ந்த பையனைக் கெஞ்சி இறக்கியது, இப்படிச் சில. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டவர்கள் அதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள். வெளிமாநிலத்துப் பிள்ளைகளுக்கு நான் தாய் மாதிரி என்றும் ஒருவர் சொன்னார். மாலை கழுத்தை உறுத்த, தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அடக்கமாக நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கோ எப்போது மேடையை விட்டு இறங்குவோம் என்றிருந்தது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாட்டு, களிமண் பொம்மை, எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது. எங்களில் பாதிப் பேருக்குப் பாட்டு வரவில்லை. எனக்குப் பாட்டு மட்டும்தான் வந்தது. முதலில் வேப்பனப்பள்ளிப் பக்கம் போட்டார்கள். அங்கே தாய்மார்கள் எல்லாம் தெலுங்கு. மாங்காய் இறக்கும் காலத்தில் பிள்ளைகளைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நானும் பின்னாலேயே தோப்புக்குப் போய், மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவேன். அப்போது எனக்கு அப்படி ஒரு வேகம் இருந்தது. பிறகு வீட்டுக்காரருக்கு ஓசூரில் லேத்துப் பட்டறையில் வேலை கிடைத்தது. நானும் மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

இங்கே தொழிற்சாலைகளைச் சுற்றி லைன் வீடுகள்தான். ஒரே நீளத்துக்கு வரிசையாக அறைகள், மேலே ஷீட்டு, எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். உள்ளூர்க்காரர்கள் மாடி வீட்டில் இருப்பார்கள். அவர்களுடைய நிலத்தில் கட்டிய லைன்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் வாடகைக்கு இருப்பார்கள். ஜூன் மாதம் நானும் ஆயா நூர்ஜஹானும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கக் கேட்போம். என்னைவிடப் பெரியவள் என்பதால் அவளை நான் நூர் அக்கா என்பேன். வீட்டில் உருது பேசுகிறவள், அதனால் வடக்கத்திக்காரர்களிடம் எனக்கு வாய் அவள்தான்.

மாடி வீட்டுத் தாய்மார்களிடம் அந்த வாய் தேவைப்படாது. "எங்க பாப்பா வேன்ல கான்வென்ட்டுக்குப் போவுது டீச்சர். சத்துமாவு மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்புவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். "மாவு மட்டும் கௌரவமா உள்ள இறங்குதா?" என்று கேட்டுவிட்டு வருவேன். சிரிப்பார்களே தவிர, அனுப்ப மாட்டார்கள். உண்மையில் மையம் யாருக்கு வேண்டியிருந்தது என்றால் லைன் வீட்டுக்காரர்களுக்குத்தான். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளையைப் பார்க்க ஆள் கிடையாது. வெளியே விட்டால் லாரிகள் போகிற சாலை. அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். நாங்களோ மாடி வீட்டுக்குப் போய்க் கெஞ்சுவோம், லைன் வீட்டுக்காரர்களைத் தள்ளி வைப்போம். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் சூப்பர்வைசர் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேடம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மையத்துக்குப் பார்வையிட வந்தால் வாசலிலேயே நின்றுவிடுவார். முதலில் பிள்ளைகளின் செருப்புகளை எண்ணுவார், பிறகுதான் உள்ளே வந்து தலைகளை எண்ணுவார். பக்கத்து வீட்டிலிருந்து அவசரத்துக்குத் தூக்கி வந்து உட்கார வைத்த பிள்ளைகளுக்குச் செருப்பு இருக்காது என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? சின்னச் சின்னப் பழைய செருப்புகளாக ஒரு பை நிறையச் சேர்த்து வைத்திருந்த டீச்சர் ஒருத்தி எங்களுக்குள் இருந்தாள். ஒருமுறை மேடம் அதில் ஒரு ஜோடியைக் கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு ஒரே கால்ல ரெண்டையும் போடுவீங்களாம்மா?" என்று கேட்டார். இரண்டும் இடது கால் செருப்பு. மேடம் சிரிக்கவே இல்லை. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்தோம்.

மாதக் கூட்டம்தான் எங்களுக்குப் பயம். பதிவேட்டில் பெயர் இருந்து, பிள்ளை வராமல் போயிருந்தால், மேடம் அந்தப் பெயரைப் படித்துவிட்டு டீச்சரை எழுந்து நிற்கச் சொல்வார். எனக்கும் அது நடந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போன வடக்கத்திப் பிள்ளைகள் சிலர் கார்த்திகை பிறந்தும் திரும்பி வரவில்லை.

"இந்தப் பிள்ளைங்க எங்கம்மா?"

"ஊருக்குப் போயிட்டாங்க மேடம்."

"எந்த ஊரு? எப்ப வருவாங்க?"

"தெரியல மேடம்."

"உன் மையத்துப் பிள்ள எங்க போச்சுன்னு உனக்குத் தெரியல. சரி, உக்காரு."

இவ்வளவுதான் பேச்சு. திட்டு ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் நின்றதில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். வடக்கத்திப் பிள்ளைகளை ஜூனில் எழுத வேண்டாம். தீபாவளி தாண்டட்டும். ஊருக்குப் போகிறவர்கள் போகட்டும், மிச்சம் இருப்பவர்களை எழுதிக்கொள்ளலாம், அது நிலைக்கும். யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. நானாகவே இருக்கலாம். மேடத்துக்கு இது தெரியாது. மேலிடத்திலிருந்து யாரும் இப்படிச் சொன்னதும் இல்லை. சேர்க்கச் சொல்லித்தான் அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தது. சேர்க்காமல் இருப்பதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் நாங்கள்.

அதற்கு அடுத்த ஜூனில்தான் சுனிதா வந்தாள். பீகார்க்காரி. கணவன் வார்ப்படப் பட்டறையில் வேலை. அவள் பாகலூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டிக் கட்டுகிற வேலை. கையெல்லாம் முள் கீறல். மூன்று வயதுப் பெண் குழந்தை, பெயர் ரோஷ்னி. முன்பு கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியில் இருந்தவள் என்பதால் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள்.

"டீச்சர், பாப்பா பேரு எழுது. ரூம்ல பூட்டு போட்டுப் போறேன். அழுது அழுது தூங்குது."

நான் முதல் கேள்வியாகக் கேட்டது இதுதான்: "தீபாவளிக்கு ஊருக்குப் போவீங்களாம்மா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அக்கறையாக விசாரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "ஆமா டீச்சர். அம்மா இருக்கு ஊர்ல. உடம்பு சரியில்ல. தீபாவளிக்கு அப்புறம் எங்க சாமி கும்பிடு, சட் பூஜை, அது முடிச்சு வருது நாங்க."

"அப்ப தீபாவளி தாண்டட்டும்மா. இருந்தீங்கன்னா எழுதறேன்."

அவளுக்குப் புரியவில்லை. நூர் அக்கா இந்தியில் எடுத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னிடம், "பாவம் டீச்சர், இப்பவே எழுதிடுங்களேன்" என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டேன். சுனிதா என்னிடமே கேட்டாள்.

"இது சர்க்கார் ரூலா டீச்சர்?"

அடுப்பில் சாம்பார் பொங்கி வழிகிறது. ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்துவிட்டு நிற்கிறது. "ஆமாம்மா, ரூலு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பொய் சொல்கிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஒருத்தியை அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதன்பிறகு கர்ப்பிணிகளைப் பார்க்க அந்த லைனுக்குப் போகும்போதெல்லாம், ஒரு அறையின் ஜன்னல் கம்பிக்கு நடுவில் ரோஷ்னியின் முகம் தெரியும். கதவில் பூட்டு தொங்கும். அவளுக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். "டீச்சர்!" என்று கத்துவாள். நான் கையை ஆட்டிவிட்டு நடந்துவிடுவேன். என் மையம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆடியில் ஆட்டினேன், ஆவணியில் ஆட்டினேன், புரட்டாசியிலும் ஆட்டினேன். இதை எழுதும்போது அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

தீபாவளி வந்தது. லைன் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. லீவு முடிந்து மையம் திறந்த அன்று காலையில், நான் வருவதற்கு முன்பே சுனிதா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ரோஷ்னிக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரி, மஞ்சள் கவுன் போட்டிருந்தாள்.

"தீபாவளி ஆயித்து டீச்சர்" என்றாள். "நாங்க போகலே."

கன்னடத்தில் ஆயித்து என்றால் ஆகிவிட்டது. பரீட்சை எழுதி முடித்துவிட்டு வந்து சொல்கிற பிள்ளையின் குரலில் அதைச் சொன்னாள். மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்திருந்தார்களாம். கணவனை மட்டும் அனுப்பிவிட்டு, இவள் பிள்ளையோடு இங்கேயே இருந்துவிட்டாள். ரூலுக்காக.

அப்போது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எனக்கு வந்தது சந்தோஷம். நிலைக்கிற பிள்ளை ஒன்று கிடைத்தது என்று நினைத்தேன். பெயரை எழுதினேன். எடை பார்த்தேன், வயதுக்குக் குறைவாகத்தான் இருந்தது. மத்தியானம் முட்டை கொடுத்தபோது ரோஷ்னி வெள்ளையைத் தின்றுவிட்டு, மஞ்சளைக் கைக்குள் பொத்திக்கொண்டு விட மாட்டேன் என்றாள். யாருக்கு என்று நூர் அக்கா கேட்டதற்கு, "மம்மி" என்றாள்.

ஒரு வாரம் போனது. ஒரு நாள் பிள்ளையைப் பக்கத்து அறைப் பெண் கொண்டு வந்து விட்டாள். நூர் அக்கா அவளிடம் பேசிவிட்டு வந்து, "டீச்சர், சுனிதாவோட அம்மா மவுத்தாயிட்டாங்களாம்" என்றாள். மகளையும் பேத்தியையும் காணோமே என்று அந்த அம்மா வாசலைப் பார்த்தபடியே கிடந்தார்களாம். சுனிதா காரியத்தை எல்லாம் கணவனுடைய போன் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

மத்தியானம் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நான் போனேன். அறைக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். என்னைக் கண்டதும் பதறி எழுந்துவிட்டாள். வெறுங்கையோடு துக்கம் விசாரிக்க வந்த என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை இது:

"பேரு கட் பண்ணாதீங்க டீச்சர். நான் ஊருக்குப் போக மாட்டேன்."

ஊருக்குப் போய்விடுவாளோ என்று உளவு பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "கட் பண்ண மாட்டேம்மா, போயிட்டு வா" என்றேன். "இப்பப் போய் என்ன டீச்சர்" என்றாள். அப்படி ஒரு ரூல் இல்லவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. செத்த வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். வெட்கம் ஒரு பக்கம். அவள் என்னை என்ன நினைப்பாளோ என்ற பயம் இன்னொரு பக்கம். அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த ஜூனில் நான் யாரையும் நிறுத்தி வைக்கவில்லை. வந்த பிள்ளைகளை எல்லாம் எழுதினேன். ஆனியில் ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனது. மாதக் கூட்டத்தில் மேடம் அந்தப் பெயரைப் படித்தார். எழுந்து நின்றேன்.

"எங்க போச்சு?"

"அத்தை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கு மேடம். மாசக் கடைசியில வந்துடுவாங்க. கேட்டு வச்சிருக்கேன்."

"அப்ப விடுப்புன்னு போடு. உக்காரு."

அவ்வளவுதான். எந்த ஊர், எப்போது வருவீர்கள் என்று பிள்ளையைப் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். முன்பே மேடம் என்னிடம் கேட்டது அதைத்தான். கேட்கச் சோம்பல்பட்டுத்தான் நாங்கள் ரூல் போட்டிருக்கிறோம். உட்கார்ந்த பிறகும் எனக்குக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை.

அந்த வருடம் தீபாவளி நெருங்கியது. பட்டறைகளில் போனஸ் கொடுத்தாகிவிட்டது. மற்ற லைன்களில் எல்லாம் மூட்டை கட்டுகிறார்கள். சுனிதா இருக்கும் லைனில் மட்டும், சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஒருவரும் அசையவில்லை.  நூர் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

குழாயடியில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். கீதா என்று புதிதாக வந்த ஒரு பெண், குடத்தை வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் பையன் அந்த ஜூனில்தான் என்னிடம் சேர்ந்தவன். ஊரில் அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். அண்ணன் போன் செய்து வரச் சொல்கிறான். இவள் போகலாமா வேண்டாமா என்று தவிக்கிறாள். சுனிதா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"டீச்சரே வந்தாச்சு. டீச்சர், நீங்க சொல்லுங்க இவளுக்கு. தீபாவளிக்கு இருந்தாத்தான் பேரு நிக்கும். சர்க்கார் ரூலு. லைன்ல எல்லாருக்கும் நான்தான் சொல்லி வச்சேன்."

எனக்கு உதவி செய்கிற பெருமையில் சொன்னாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பையன் பெயர் பதிவேட்டில் நிற்கும், போய்விட்டு வா என்று கீதாவிடம் நான் சொன்னால் போதும். ஆனால் அவர்கள் நம்பப்போவது என்னையா, போகாமல் இருந்து பெயர் வாங்கிக் காட்டிய சுனிதாவையா? அவளை வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னால்தான் கீதா ரயில் ஏறுவாள். மழுப்பிவிட்டு வந்தால் இன்னொரு பெண் தன் அப்பாவைப் போனில்தான் பார்ப்பாள்.

"அப்பிடி ஒரு ரூல் இல்லம்மா" என்றேன்.

நூர் அக்கா இந்தியில் சொன்னாள். சுனிதாவுக்கு அது தேவைப்படவில்லை. "மாத்திட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குத் தப்பிக்க ஒரு வழி திறந்து கொடுத்தாள், பாவம். ஆமாம், மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லம்மா. எப்பவுமே இல்ல. நானாத்தான் சொன்னேன்."

குழாயில் தண்ணீர் நிரம்பி வழிந்தது, யாரும் மூடவில்லை. சுனிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிறவள் மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் போயிருக்கலாமா டீச்சர்?"

"போயிருக்கலாம்மா."

மன்னிச்சுக்கோ என்று சொன்னேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவள் கீதாவைப் பார்த்துத் திரும்பி, இந்தியில் ஒரே வார்த்தை சொன்னாள். போ என்று சொல்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. பிறகு கீதாவின் அறைக்குள் போய், பையை இறக்கி, அந்தப் பையனின் துணிகளை அவளே மடித்து வைத்தாள். நான் குழாயை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலையில் அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்து நாலு வார்த்தை திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். லைன் பெண்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து என்னை நிற்க வைத்துக் கேட்டிருந்தால், நின்றிருப்பேன். அவள் எப்போதும் வருகிற நேரத்துக்கே வந்தாள். ரோஷ்னியின் கையை நூர் அக்காவிடம் கொடுத்தாள். "டீச்சருக்கு வணக்கம் சொல்லு" என்று பிள்ளையைச் சொல்ல வைத்தாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து, யாருக்கும் கேட்காமல் என்னிடம் தணிந்த குரலில் கேட்டாள்:

"நேத்து எல்லார் முன்னாடியும் உங்களைக் கேள்வி கேட்டுட்டேன் டீச்சர். அதுக்காகப் பாப்பா பேரு கட் பண்ண மாட்டீங்கல்ல?"